பர்மியர் என்று நான் எழுதிய ஓலை

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிரசங்கம் முடிந்திருந்தது. வெளியே தூறல். ஓசூர்க் கோயிலுக்குள் நனைந்த குடைகளின் வாடை. பாடகர் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ்லினின் தலைமுடியிலிருந்து அவித்த பட்டுக்கூட்டின் வாடை. பட்டுநூல் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை சீயக்காய் போட்டாலும் அது போகாது.

அன்று அவளுக்கு முதல் ஓலை. தன் ஓலை வாசிக்கிற அன்று கோயிலுக்கு வரப் பெண்கள் வெட்கப்படுவார்கள். நான்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“கெலமங்கலம் ஆரோக்கியசாமியின் இளைய குமாரன் அந்தோணிராஜுக்கும், நாகரசம்பட்டியைப் பூர்வீகமாகக் கொண்ட சவரிமுத்துவுக்கும் பர்மியரான மார்த்தாளுக்கும் பிறந்த மூத்த குமாரத்தி ரோஸ்லினுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதல் ஓலை.”

‘பர்மியரான’ என்ற இடத்தில் சாமியார் ஒரு விநாடி நின்றுதான் வாசித்தார். அந்தச் சொல் கோயிலுக்குப் புதிது. எழுதியவள் நான். சரியான சொல் சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. ரோஸ்லின் என்னைப் பார்த்துச் சிரிப்பாள் என்று திரும்பினேன். அவள் பாட்டு நோட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஓலை என்றால்

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அதை வாசிப்பார்கள். பனை ஓலை போய்க் காகிதம் வந்த பிறகும் அதற்கு ஓலை என்றே பெயர். மாப்பிள்ளை யார், பெண் யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று சொல்லிவிட்டு, இவர்கள் சேரத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குக்குருவிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரியைக் கேட்கும்போது கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

அது அறுபதுகளின் கடைசி. அப்போதுதான் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. அதுவரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்த சனம் திடீரென்று காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்க ஆரம்பித்திருந்தது. பூசை தமிழில் வந்ததற்காக அதிகம் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். வயது இருபத்திமூன்றோ நான்கோ. சாமியாருக்குக் கண்ணில் புரை. சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்த்த உபதேசியாருடைய எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். அதனால் உபதேசியார் எழுதித் தரும் ஓலையைப் பெரிய எழுத்தில் படி எடுத்துக் கொடுப்பது என் வேலையாயிற்று. சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மேஜையில் உட்கார்ந்து கட்டைப் பேனாவால் எழுதுவேன்.

என்னுடைய திருத்தும் வியாதியைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். யாராவது தப்பாகச் சொன்னால் என் காது பொறுக்காது. மளிகைக் கடைப் பலகையில் ‘பறுப்பு’ என்றிருந்ததற்காக ஒரு மாதம் அந்தக் கடையில் சாமான் வாங்காமல் இருந்திருக்கிறேன். “இவளுக்குக் கஞ்சிக்குப் பதிலா செவப்பு மையக் குடுத்து வளத்துட்டேன்” என்று என் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கட்டிலுக்கு இருந்த மரியாதை

எங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. அம்மா சீராகக் கொண்டுவந்தது. அதைப் பற்றிப் பேசும்போது அம்மா ‘கட்டில்’ என்று சும்மா சொன்னதே கிடையாது. ‘பர்மாத் தேக்குக் கட்டில்’ என்றுதான் முழுப்பெயர். விருந்தாளி வந்தால் கட்டிலின் காலைத் தட்டிக் காட்டுவார். நல்ல மரமென்றால் பர்மா. உலகச் சண்டைக்கு முந்திய காலத்து நல்ல அரிசியென்றால் பர்மா அரிசி. சின்ன வயதில் அந்தச் சொல்லை நான் உசத்தி என்ற அர்த்தத்திலேயே கேட்டு வளர்ந்தேன்.

பிறகு, அங்கே பட்டாள ஆட்சி வந்ததும், அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். கப்பலில் வந்து சென்னையில் இறங்கி, அரசாங்கம் அனுப்பிய ஊருக்கெல்லாம் பிரிந்து போனார்கள். கொஞ்சம் பேர் ஓசூருக்கு வந்தார்கள். ஏரிப்பக்கம் தகரக் கூரை போட்டு இருபத்தைந்து முப்பது வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு பர்மா லைன் என்று பெயராயிற்று.

எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை மூன்று பாஷையிலும் சொல்வது வழக்கம். தமிழில் பர்மாக்காரங்க, கன்னடத்தில் பர்மாதவரு, தெலுங்கில் பர்மாவாள்ளு. மூன்று பாஷையிலும் ஒரே தொனி. தண்ணீர்க் குழாயில் சண்டையா, பர்மாக்காரங்க. கோழி காணோமா, பர்மாக்காரங்க. கட்டிலுக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்குக் கிடைக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்த லைனில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்பது ஊருக்கு நன்றாகவே தெரியும். அப்பனோ பாட்டனோ இங்கிருந்து பிழைக்கப் போனவன். ரோஸ்லினின் அப்பா சவரிமுத்துவின் தகப்பனார் நாகரசம்பட்டிக்காரர், மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர், பர்மாவில் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். சவரிமுத்து அங்கே பிறந்தவர். திரும்பி வந்து நாகரசம்பட்டியில் போய் நின்றபோது சித்தப்பா வீட்டில் சோறு போட்டார்கள், இடம் கொடுக்க அவர்களுக்கு இடமில்லை. ஓசூரில் பட்டுநூல் கம்பெனியில் பாய்லர் பார்க்கிற வேலை கிடைத்தது. ஊரில் அவர் பெயர் ‘பர்மா சவரி’. அவருடைய மகள் அதே கம்பெனியில் நூல் எடுக்கிறவள், பர்மா ரோஸு.

இதில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைத் தெரிந்துகொண்டதுதான் என் கெட்ட நேரம்.

எந்த பர்மாக்காரங்க

பாட்டுப் பழக்கம் முடிந்ததும் ரோஸ்லினோடு அவள் வீட்டுக்குப் போவேன். அவள் அம்மா மார்த்தாளம்மா அதிகம் பேசமாட்டார். சின்ன உருவம். கன்னத்தில் ஏதோ மரப்பட்டையை இழைத்து சந்தனம் போலப் பூசியிருப்பார், வெளியே கிளம்பும்போது கழுவிவிடுவார். யாராவது வெளியாள் வந்தால் சமையல் மூலைக்குப் போய்விடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஒருநாள் சாதாரணமாகத்தான் கேட்டேன். “பர்மாக்காரங்க கல்யாணத்துல இன்னா சாப்பாடும்மா போடுவாங்க?”

மார்த்தாளம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எந்த பர்மாக்காரங்க? அவுரு மாதிரியா, என்ன மாதிரியா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நான் பமா, அந்த ஊரு சனம். அங்க பொறந்து, எங்கப்பா பமா, எங்கம்மா பமா. புத்தர் கோயிலு. அவுரக் கட்டிக்கிட்டு ஞானஸ்நானம் வாங்குனேன். மார்த்தான்னு பேரு வெச்சாங்க. அவுரு பமா இல்ல. அவுரு கலா.”

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த சவரிமுத்து சிரித்தார். “கலான்னா இன்னா தெரியுமா டீச்சரு? கடலு தாண்டி வந்தவன்னு ஒரு ஏளனம். பொறந்து வளந்து கொழந்த குட்டி பெத்த ஊரு. தெருவுல நடந்தா பொடிப்பையன் கூட ‘ஏ கலா’ம்பான். செரி போடான்னு இங்க வந்தா, கப்பல்ல இருந்து எறங்குன நிமிசத்துல பர்மாக்காரனாயிட்டேன். நான் எங்கதான் அந்த ஊர்க்காரன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் ரத்தம் கொதித்தது. தப்பான சொல்லை ஒரு மனுஷன் மேல் ஒட்டிவைத்திருக்கிறார்களே என்று கோபம். அன்று முதல் ‘பர்மா சவரி’ என்று யார் சொன்னாலும் விடமாட்டேன். “அவர் நாகரசம்பட்டி” என்பேன். பர்மியர் என்றால் அந்த நாட்டு ஜனம், பர்மாவிலிருந்து வந்தவர்களெல்லாம் பர்மியர் ஆகமாட்டார்கள் என்று என் நான்காம் வகுப்புக்கே பாடம் எடுத்தேன். மார்த்தாளம்மாவின் பெயரை நல்லவேளையாக அங்கே சொல்லவில்லை.

அவர் ஏன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார் என்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த லைனில் மார்த்தாளம்மாவைப் போல இன்னும் இரண்டு மூன்று பெண்கள் இருந்தார்கள். லைனில் எல்லாருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. ஊர் அத்தனை பேரையும் சேர்த்து பர்மாக்காரங்க என்று ஒரே கூடையில் போட்டிருந்ததால், அந்தக் கூடைக்குள் இந்தப் பெண்கள் பத்திரமாக இருந்தார்கள். நான் எதைத் தப்பு என்று திருத்தப் புறப்பட்டேனோ, அந்தத் தப்புதான் அவர்களுக்குக் கூரை.

உபதேசியாரின் காகிதம்

ரோஸ்லினுக்குக் கெலமங்கலத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அந்தோணிராஜ் கம்பெனிக்குப் பட்டுக்கூடு கொண்டுவந்து போடுகிறவன். இவளைப் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவளுக்கும் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. ஷிப்டு முடிந்து வரும்போது தலையில் மரிக்கொழுந்து வைக்க ஆரம்பித்தாள். அவித்த பட்டுக்கூட்டு வாடைக்கு மேல் மரிக்கொழுந்து. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் நிலம் நீச்சு உள்ளவர்கள். எங்கள் வேதத்தில் ஜாதி பார்க்கக்கூடாது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள், கல்யாணத்தில் ‘நம்ம ஜனமா’ என்று கேட்பார்கள். சவரிமுத்துவின் தகப்பனாரையும் நாகரசம்பட்டிச் சித்தப்பாவையும் விசாரித்துக்கொண்டு நம்ம ஜனம்தான் என்று திருப்தியாகிவிட்டார்கள். பெண்ணின் தாயைப் பற்றிக் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. அங்கே தமிழர் தமிழரைத்தானே கட்டியிருப்பார் என்று அவர்கள் நினைப்பு.

சனிக்கிழமை உபதேசியாரின் காகிதம் வந்தது. ‘பர்மா சவரிமுத்து, மார்த்தாள் ஆகியோரின் குமாரத்தி’ என்று எழுதியிருந்தார். பர்மாவைப் பார்த்ததும் எனக்குச் சுரீர் என்றது. ஓலையிலுமா? அடித்தேன். ‘நாகரசம்பட்டியைப் பூர்வீகமாகக் கொண்ட’ என்று மாற்றினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது. ஆனால் அவருக்கு ஊர் போட்டாயிற்று, அந்தம்மாவுக்கு ஒன்றும் போடாமல் மொட்டையாக விடுவதா என்று தோன்றியது. அவருக்கு ஒட்டாத சொல்லை அவரிடமிருந்து எடுத்தாயிற்று. அது யாருக்கு உரியதோ அவருக்குக் கொடுத்தால் என்ன? மார்த்தாளம்மாவுக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தேன். கடவுள் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். லைன் நூறு அடி தூரத்தில் இருந்தது. ஒருநடை போய்க் கேட்டிருக்கலாம்.

அத்தைக்கு எடுத்த பாடம்

பூசை முடிந்து கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். ஞானம்மாள் என்று பெயர். ஓசூரில் வாழ்க்கைப்பட்டவர். தலையில் முக்காடு போட்டபடியே கேட்டார்.

“டீச்சரம்மா, ஓலையில இன்னாமோ புதுசா வாசிச்சாங்களே. பர்மியர்னா இன்னா? பர்மாக்காரங்கதானே?”

அவர் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். ‘ஆமாங்க’ என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

“இல்லீங்க. அது வேற, இது வேற. பர்மாக்காரங்கன்னு நாம சொல்றது அங்கேருந்து வந்த தமிழங்கள. பர்மியர்ன்னா அந்த நாட்டு ஜனமே. ரோஸ்லினோட அம்மா அசல் பர்மியர். புத்த மதத்துல பொறந்து அப்புறமா ஞானஸ்நானம் வாங்குனவங்க.”

ஞானம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். தூறல் நின்றிருந்தது. “அப்ப அந்தம்மா நம்ம ஜனம் இல்ல” என்றார்.

“இல்லீங்க” என்றேன், வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பாராட்டுகிற குரலில்.

அவர் போன பிறகுதான் ரோஸ்லின் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

மத்தியான மணி

திங்கட்கிழமை கெலமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. கல்யாணம் நின்றுபோயிற்று என்று சொல்லவில்லை. “பெரியவங்க சனிக்கிழம வருவாங்க, பேசணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். லைனில் மற்ற வீட்டுக்காரர்களும் என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். எந்தெந்த வீட்டில் சாத்தினார்கள் என்பதைக் கவனித்தேன். எனக்குத் தெரியாத மற்றப் பெண்களை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை மத்தியான மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம். மார்த்தாளம்மா தனியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் லைனை விட்டுத் தனியாக வெளியே வந்து நான் பார்த்ததில்லை. முதல் பெஞ்சில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நீ எழுதுனது சரி” என்றார். “நல்லா எழுதுன. யாரும் என்ன அப்பிடி எழுதுனதில்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுவாத. இப்ப வேற சொல்லணும். சனிக்கெழம அவங்க வரும்போது நீ வா. தப்பா எழுதிட்டேன்னு சொல்லு. ரோசம்மாவப் பெத்தவ ரங்கூன்ல செத்துட்டா, அவ தமிழு. நான் வளத்தவ. வேலக்காரி.”

“பொய் சொல்ல மாட்டேன்மா.”

“தெரியும். நீ பொய் சொல்ல மாட்ட. ஊருக்கே தெரியும். அதுக்குத்தான் நீ சொல்லணும். அவுரு சொன்னா நம்ப மாட்டாங்க. ரோசம்மா சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

போகும்போது கரும்பலகையில் நான் எழுதியிருந்ததை நின்று பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் ரோஸ்லினைப் பிடித்து, “உனக்கு இதுல சம்மதமா?” என்று கேட்டேன். விரலெல்லாம் கொதிதண்ணீரில் வெந்து வெளுத்திருந்தது. “அமே முடிவு பண்ணிட்டாங்க” என்றாள். தாயை அவள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவாள். கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

“நீ எழுதாம இருந்திருந்தா ஸ்டெல்லா, ‘சம்பந்தியம்மா’ன்னே கூப்புட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க. அம்மாவாவே நின்னிருப்பாங்க. அவ்ளோதான்.”

அவள் என்னைத் திட்டியது அந்த ஒரே தடவைதான்.

ஒரு டம்ளர் குறைவு

சனிக்கிழமை மத்தியானம் சவரிமுத்து வீட்டில் பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஆரோக்கியசாமி, ஒரு பெரியப்பா, அத்தை ஞானம்மாள். இந்தப் பக்கம் சவரிமுத்துவும் நாகரசம்பட்டியிலிருந்து வந்த அவருடைய சித்தியும். சித்திக்கு விஷயம் தெரியும். வாயில் வெற்றிலை இருந்ததால் பேசவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போயிற்று. மார்த்தாளம்மா டீ கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். ஒரு டம்ளர் குறைந்தது. எனக்குக் கொடுத்துவிட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

“நான்தாங்க தப்பா எழுதிட்டேன்” என்றேன். “ரோஸ்லினோட அம்மா நம்ம ஜனந்தான். அங்கயே தவறிட்டாங்க. இவங்க கொழந்தைங்கள வளத்தவங்க. அதான் நிச்சயத்தன்னிக்குத் தாயார் எடத்துல நின்னாங்க.”

ஞானம்மாள் விடவில்லை. “அன்னிக்குக் கோயில்கிட்ட அவ்ளோ வெவரமா சொன்னியே?”

“கேள்விப்பட்டத வெச்சு சொல்லிட்டேங்க. விசாரிக்காம எழுதுனது என் தப்பு.”

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை. அதனால்தானோ என்னவோ குரல் நடுங்கவில்லை.

ஞானம்மாள் சுவரோரம் திரும்பினார். “இந்தாம்மா, நீ யாரு?”

“வேலக்காரிங்க” என்றார் மார்த்தாளம்மா. அந்த ‘ங்க’வை அவர் அதற்கு முன் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரையும் நீ என்றே பேசுகிறவர். எங்கேயோ கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

ஆரோக்கியசாமி டீயைக் குடித்து முடித்தார். நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. “வாத்தியாரம்மாவே வந்து தப்புன்னு ஒத்துக்குது. எந்த வாத்தியாரு ஒத்துக்குவான் சொல்லு. இத்தோட வுடுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டதற்காக என்னைப் பாராட்டினார்கள். நிச்சயம் நிலைத்தது. ஞானம்மாள் எழுந்திருக்கும்போது காலி டம்ளரை மார்த்தாளம்மாவிடம் நீட்டி, “இந்தா, எடுத்துட்டுப் போ” என்றார். போன மாதம் நிச்சயத்தன்று ‘வாங்க சம்பந்தியம்மா’ என்று கையைப் பிடித்தவர் அவர்தான்.

அடுத்த நாள் இரண்டாம் ஓலையில் நான் தகப்பன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். “ஏம்மா, போன வாரம் தாயார் பேரும் இருந்துச்சே” என்றார் சாமியார். “அது தப்பு சாமி” என்றேன்.

கல்யாணத்தன்று வீட்டிலிருந்து கோயிலுக்குக் கிளம்புமுன் பெண் மண்டியிட, பெற்றவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிப்பது எங்கள் வழக்கம். தாய் இடத்தில் நாகரசம்பட்டிச் சித்தி நின்று வரைந்தார். மார்த்தாளம்மா அப்போது பின்கட்டில் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கோயிலில் கடைசி வரிசையில், லைன் பெண்களோடு நின்றார்.

பொய் சொன்ன பாவத்தைச் சொல்லப் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போனேன். எங்கள் சாமியாரிடம் சொல்ல முகமில்லை. முன்பின் தெரியாத சாமியார், மூன்று ஜெபம் சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்பினார். முதல் ஓலையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை. அதில் எழுதியது உண்மையாயிற்றே, அதை எந்தப் பாவமென்று சொல்வது? மன்னிப்புக் கேட்கவேண்டியது அதற்குத்தான் என்று இத்தனை வயதுக்குப் பிறகு எழுதுகிறேன்.

கெலமங்கலத்தில் ஒரு மத்தியானம்

அதற்குப் பிறகு எனக்குப் பேரிகைக்கு மாற்றலாயிற்று. ஓசூர் வரும்போது மார்த்தாளம்மாவைப் பார்ப்பேன். மகளைப் பார்க்க அவர் தனியாகப் போகமாட்டார். வேலைக்காரிக்கு அடிக்கடி வரும் பாசம் என்னவென்று கேட்பார்களே. “நீ ரோசம்மாவப் பாக்கப் போ. நான் உன்னோட தொணைக்கு வரேன்” என்பார். அப்படி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போவோம்.

ஒரு தடவை போனபோது ரோஸ்லினின் மூத்த பையனுக்கு நான்கு வயது இருக்கும். வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். “அம்மா, பர்மாக்காரி வந்துக்குது.”

ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் மாமியார் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். “வாம்மா ஸ்டெல்லா, வா பர்மாக்காரி, ஒக்காருங்க” என்றார். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் அவருக்கு அது பெயர், அவ்வளவுதான். எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். மார்த்தாளம்மா சும்மா உட்காராமல் மாமியாரோடு சேர்ந்து அவரைக்காய் உரிக்க ஆரம்பித்தார்.

பையன் வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டான். அதே கண், அதே கன்னத்து எலும்பு. மாமியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கூட்ல யாரு மாதிரியும் இல்ல இவன். எங்கேருந்துதான் வந்தானோ” என்றார். ரோஸ்லின் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“ஏண்டா, இது யாருடா ஒனக்கு?” என்று மாமியார் விளையாட்டாகக் கேட்டார்.

“பர்மாக்காரி” என்றான்.

மார்த்தாளம்மா என்னைப் பார்த்தார். அதே கேள்வியை என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சரியான பதில் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் குனிந்து பேரனின் தலையை முகர்ந்தார்.

“ஆமா கண்ணு” என்றார். “பர்மாக்காரி.”